ஆளுயர ஐயா

சட்டையைக் கழுத்துப் பட்டியில் பிடித்துத் தூக்க வேண்டும். வலது கையில் விரல் நீளக் கத்தரி. கழுத்து, தோள், கைமடிப்பு, பொத்தான் வரிசை, கீழ்மடிப்பு என்று கண் ஒரே ஓட்டமாக இறங்க, கூடவே கத்தரியும் இறங்கி, தைத்தவர்கள் விட்டுவைத்த பிசிறுகளை வெட்டிக்கொண்டு போகும். கறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். இல்லாவிட்டால் வலது பக்க அடுக்கு. ஒரு சட்டைக்கு ஐம்பது விநாடி. பன்னிரண்டு மேசைகள், பன்னிரண்டு பெண்கள், காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரை வரை நின்றுகொண்டு. உட்கார்ந்து பார்த்தால் கண் சொக்கிவிடும் என்பது அந்தக் கம்பெனி கண்டுபிடித்து வைத்திருந்த உண்மை.

"கண்டுபிடிச்சவன் உட்கார்ந்துக்கிட்டுதான் கண்டுபிடிச்சிருப்பான்" என்பாள் இரண்டாம் மேசை வாயாடி.

அதனால் ஒரு பெட்டி இருந்தது. நூல்கண்டு வந்த அட்டைப் பெட்டிதான். உள்ளே வெட்டுத் துணியைத் திணித்து, மேலே நாலு சுற்று டேப் ஒட்டி, பார்ப்பதற்கு மூலையில் கிடக்கும் மற்ற கழிவுப் பெட்டிகளைப் போலவே இருக்கும். உட்கார்ந்தால் அமுங்காது. யார் செய்தார்கள் என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் மேலே பார்ப்பார்கள். அதற்குத் தாய்வீடு என்று பெயர். ஆளுக்குப் பத்து நிமிஷம். முறை வந்தவள் "தாய்வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே இருப்பதைக் காலால் இழுத்து உட்கார்ந்துகொள்வாள். பத்து நிமிஷம் ஆனதும் அடுத்த மேசைக்குக் காலாலேயே தள்ளிவிடுவாள். கூடுதலாக இரண்டு நிமிஷம் இருந்துவிட்டால் "என்னடி, புருஷன் வந்து கூப்பிட்டாத்தான் கிளம்புவியா?" என்று ஒரு குரல் வரும்.

ஐயா வந்தால் மட்டும் தாய்வீடு கிடையாது.

ஐயா என்பவர் அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த வரிசையில் பாதிப் பேருக்குத் தம்பி வயது. ஆனாலும் ஐயாதான். வருகைப் பதிவேடு எடுத்துவரும் மீசைக்காரரும் முகத்துக்கு நேரே ஐயாதான். அந்தப் பக்கம் திரும்பியதும் வெறும் மீசை. வருஷத்துக்கு ஒருமுறை காரில் வந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர் பெரிய ஐயா. வீட்டுக்காரரும் ஐயா, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுப்பவரும் ஐயா, தெருமுனையில் வண்டிகளை நிறுத்திச் சத்தம் போடுகிறவரும் ஐயா. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பாயில் காலை நீட்டிப் படுத்திருக்கும் புருஷனைப் பார்த்து "ஐயாவுக்கு இன்னும் பொழுது விடியலையா?" என்று கேட்கவும் அதே சொல்தான் கைகொடுத்தது. ஆனால் முதல் மேசையிலிருந்து வாசல் அக்கா அடித்தொண்டையில் "ஐயா" என்று ஒரே ஒருமுறை சொன்னால் அதற்கு வேறு அர்த்தமே இல்லை. உட்கார்ந்திருப்பவள் எழ வேண்டும். குதிகாலால் பெட்டியை உள்ளே தள்ள வேண்டும். தலை குனிந்திருக்க வேண்டும். வாசல் பக்கம் பார்க்கவே கூடாது, பார்த்தால் "அங்க என்ன தெரியுது?" என்று கேட்பார். அவர் உள்ளே வருவதே அபூர்வம். வாசலில் நின்று, குனிந்த தலைகளை எண்ணுவது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். போனதும் வாசல் அக்கா கத்தரியின் பின்பக்கத்தால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டக், டக். அதற்குப் பிறகுதான் மூச்சு.

ஐந்தாம் மேசையில் நின்றவளுக்குத் தும்மல் என்று பெயர். பஞ்சுத்தூள் மூக்கில் ஏறினால் சரியாக மூன்று தும்முவாள். இரண்டும் இல்லை, நான்கும் இல்லை. மூன்றாவது வரும்வரை பக்கத்து மேசைக்காரிகள் பேச்சை நிறுத்தி வைத்திருந்து, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டுமுறை தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம், ஒன்று நான்காம் மாதம். இரண்டு முறையும் மூன்றே நாளில் வேலைக்கு வந்துவிட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

மூன்றாம் முறை நான்காம் மாதத்தைத் தாண்டியபோது ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்று வாயால் சொன்னார்கள். சீட்டில் "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதியிருந்தது.

அவள் புருஷன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். நல்லவன் என்று தெரு முழுக்கப் பெயர். வேலை இருக்கும் நாட்களைவிட இல்லாத நாட்கள்தான் அதிகம் என்பதும் தெரு முழுக்கத் தெரியும். நகத்திடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அன்றைக்குப் பச்சை. விண்ணப்பக் கடிதத்தை அவன்தான் எழுதினான்.

"மேல ‘ஐயா’ன்னு போட்டாச்சு. நடுவுல போடணுமா?"

"நடுவுல ஒண்ணு போடுங்க. கீழயும் ஒண்ணு."

"ஒரு ஸ்டூலுக்கு மூணு ஐயாவா?"

"குறைச்சலா போட்டு, மரியாதை தெரியாதவன்னு நினைச்சுட்டா?"

அவன் நாலாவதாகவும் ஒன்று போட்டான். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் உள்ளே அசைகிறது என்று புதிதாகக் கண்டுபிடித்திருந்தாள்.

மறுநாள் அந்தக் கடிதத்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு நீள நடையின் கோடியில் இருந்த ஐயாவின் அறைக்குப் போனாள். அவர் இரண்டையும் பொறுமையாகப் படித்தார். சீட்டை இரண்டுமுறை படித்தார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

"ஓய்வு தேவைன்னுதான் எழுதியிருக்காரு. உட்காரணும்னு எழுதலையேம்மா."

"நின்னுக்கிட்டு எப்படி ஐயா ஓய்வு எடுக்கிறது?"

"அதத்தாம்மா நானும் சொல்றேன். ஓய்வுன்னா வீட்டுல எடுக்கிறது. தாராளமா எடுத்துக்கலாம். ஆனா உன் இடத்தை வெச்சிருக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஏழு மாசம் முடிஞ்சிருந்தா வெச்சிருக்கலாம். விதி அப்படி."

"இன்னும் மூணு மாசம் இருக்கு ஐயா. ஒரே ஒரு ஸ்டூல் மட்டும்..."

"உனக்குப் போட்டா பன்னெண்டு பேருக்கும் போடணும். நான் வேணாம்னா சொல்றேன்? எனக்கும் மேல ஐயா இருக்காரும்மா."

சொல்லிவிட்டு அவர் மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய மேசைக்கு முன்னால் வருகிறவர்களுக்கென்று இரண்டு நாற்காலிகள் கிடந்தன. அவள் அவற்றின் நடுவில் நின்று "சரிங்க ஐயா" என்றாள். நாலு ஐயா போட்ட கடிதத்தை அவர் மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்ன மாநாடு நடந்தது. தூக்குச் சட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பதினோரு பேர் பேசினார்கள்.

"என் பத்து நிமிஷத்தை அவளுக்குக் குடுத்துடறேன்" என்றாள் வாசல் அக்கா. ஐம்பதைத் தாண்டியவள். முழங்காலில் எப்போதும் வீக்கம். வரிசையிலேயே தாய்வீடு அதிகம் தேவைப்பட்டவள் அவள்தான்.

"உனக்கே கால் பூசணிக்காய் மாதிரி இருக்கு. நீ குடுத்தா நான் குடுக்கலைன்னு இருக்குமா? எழுதிக்கோ, என்னுதும்" என்றாள் வாயாடி.

பதினோரு பத்துகளும் ஐந்தாம் மேசைக்குப் போயின. பெட்டி அங்கேயே நிரந்தரமாகக் குடியேறியது. கொடுத்துவிட்டு ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். எட்டாம் மேசைக்காரி ஒரு வாரம் முணுமுணுத்தாள். ஆனால் திருப்பிக் கேட்கவில்லை.

"தாய்வீட்டுல மகராணி மாதிரி உட்கார்ந்திருக்கா பாரு" என்று வாயாடி கண்ணை உருட்டுவாள். "உள்ள இருக்கிறது என்ன சொல்லுது?"

"இப்ப எனக்கு இருக்கிறதே ஒரே ஒரு ஐயாதான். உள்ள இருக்காரே, அவருதான். நான் திரும்பிப் படுத்தா உதைக்கிறாரு. தண்ணி குடிச்சா உதைக்கிறாரு."

"பொண்ணா இருந்தா?"

"அப்பவும் அதட்டத்தான் போகுது."

அவள் உட்கார்ந்துகொண்டே வேகமாகப் பார்த்தாள். நின்று பார்த்ததைவிட ஒரு மணிக்கு நாலைந்து சட்டைகள் கூடுதலாகவே ஆகின. கண் சொக்கவில்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. ஐயாவிடம் எப்படிச் சொல்வது?

அப்போதுதான் ஐயா செருப்பை மாற்றினார்.

பழைய தோல் செருப்பு நடைக்கு நடை ‘கிறீச்’ என்று அழும். அறையை விட்டுக் கிளம்பும்போதே அழுகை கேட்டுவிடும். பெண்டாட்டி வாங்கிக் கொடுத்தாள் என்று மீசைக்காரர் சொன்ன புதுச் செருப்பில் ரப்பர் அடி. பூனை நடப்பது போல ஒரு சத்தமும் இல்லை. மற்றவர்களுக்கு இது பேசிச் சிரிக்க ஒரு விஷயம். வாசல் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் இரண்டு வருஷமாக அவள் ஐயாவைப் பார்த்ததே இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு கண்ணிலும் பால் ஊற்றியது போல ஒரு வெள்ளை படர்ந்து, பக்கத்தில் இருப்பது நிழலாகவும் தூரத்தில் இருப்பது புகையாகவும் ஆகியிருந்தது. பிசிறுகளை விரல்நுனியால் தடவியே கண்டுபிடித்தாள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கறைதான் கையில் அகப்படாது. அதற்கு வாயாடி இருந்தாள். வாசல் அக்கா பார்த்து முடித்த அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, தன் சட்டைகளோடு சேர்த்து இன்னொரு முறை பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டித் திரும்ப வைத்துவிடுவாள். பக்கத்துத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதைக்கூட மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத வாயாடி, இந்த ஒன்றை மட்டும் இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. கண் தெரியாதவளைச் சட்டை பார்க்க வைத்திருப்பார்களா? அதுவும் வாசல் மேசையில்?

"அக்கா, வாசலை நான் பாத்துக்கட்டுமா?" என்று ஒருநாள் மெல்லக் கேட்டாள்.

"மேசை மாத்தினா ஏன்னு கேப்பாங்க. என்னடி சொல்லுவே?"

வாயாடி அக்காவின் அடுக்கிலிருந்து அடுத்த சட்டையை உருவிக் கறை தேட ஆரம்பித்தாள்.

சத்தம் நின்றுவிட்டதால் வாசல் அக்கா நிழலை நம்ப ஆரம்பித்தாள். நடையில் வெள்ளையாக எது அசைந்தாலும் "ஐயா" என்றாள். ஐயா வெள்ளைச் சட்டைதான் போடுவார். தண்ணீர் கேன்காரர் வெள்ளைக் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார், ஐயா ஆனார். விளக்கு மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் ஐயா ஆனார். ஜன்னல் வழியாக வெயில் விழுந்து சுவரில் நகர்ந்தால் அதுவும் ஒரு ஐயாதான். தப்பாகக் கூப்பிட்டால் ஒன்றும் ஆகாது, கூப்பிடாமல் விட்டால் அந்தப் பிள்ளைத்தாச்சி அகப்பட்டுக்கொள்வாளே என்பது அவள் கணக்கு. நாலைந்து முறை வந்த ஐயா ஒரு நாளைக்குப் பத்துமுறை, பன்னிரண்டுமுறை வர ஆரம்பித்தார்.

"என்னடி இது, இந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் எட்டாம் மேசைக்காரி.

"புதுச் செருப்பு இல்ல? நடந்து பாக்குறாரு" என்றாள் வாயாடி, வாசல் அக்காவைப் பார்க்காமல்.

மற்றவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். தலையைக் குனிந்தால் போதும். எழ வேண்டியவள் ஒருத்திதான். தாழ்ந்த பெட்டி. ஆறாம் மாதத்து வயிறு. இடது கையை மேசை விளிம்பில் ஊன்றி, வலது கையில் சட்டையை விடாமல், முதலில் முன்னால் சாய்ந்து, பிறகு இடுப்பைத் தூக்கி, குதிகாலால் பெட்டியைத் தள்ளி, நிமிர வேண்டும். டக், டக் கேட்டதும் அதே காரியத்தைத் திருப்பிச் செய்ய வேண்டும். உட்கார்ந்து மூச்சு அடங்குவதற்குள் இன்னொரு ஐயா.

"பேசாம நின்னுடலாம்னு தோணுது அக்கா" என்று ஒருநாள் சொன்னாள் தும்மல். "எழுந்து எழுந்து உட்கார்றதுக்கு நிக்கிறதே மேல்."

"வேணாம்டி. உட்காரு. நான் பாத்துக்கிறேன். உன்னை அந்த ஆளு கண்ணுல பட விட மாட்டேன்" என்றாள் வாசல் அக்கா. அந்தச் சமயத்தில் அவள் தும்மலைத்தான் பார்த்துப் பேசினாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். முகம் நாலாம் மேசைப் பக்கம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஏழுமுறை ஐயா வந்துவிட்டார். பதினொன்றே கால் மணிக்கு எட்டாவது.

"ஐயா."

தும்மல் எழுந்தாள். பெட்டியைத் தள்ளினாள். சட்டையைக் கழுத்துப் பட்டியில் பிடித்துக் குனிந்தாள். கத்தரி இறங்கியது. கழுத்து, தோள், கைமடிப்பு. இரண்டு தட்டுக்காகக் காது காத்திருந்தது. ஒரு சட்டை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. வழக்கமாக மூன்றாவது சட்டைக்குள் ஐயா போய்விடுவார். நாலாவது, ஐந்தாவது. தட்டு வரவில்லை. பன்னிரண்டு தலைகளும் குனிந்தே இருந்தன. பத்தாவது சட்டையில் அடிவயிற்றில் ஏதோ ஒன்று கயிறு போல இறுகியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதினோராவது சட்டையை எடுத்தாள். மூக்கில் தூள் ஏறித் தும்மல் வந்தது. ஒன்று. அதோடு நின்றுவிட்டது.

ஆறாம் மேசைக்காரி இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்னடி?" என்றாள் உதடு அசையாமல்.

"ஒண்ணுமில்ல. போயிட்டாரா?"

"இன்னும் தட்டலையே."

"இன்னும் நிக்கிறாரா?"

"நிக்கிறாரு போலிருக்கு."

அவள் பதினான்காவது சட்டையை எடுத்தாள். எடுத்த சட்டையைப் பிரிக்கவில்லை. அதை மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே நின்றாள். குனிந்திருந்ததால் வெளியில் இருந்து பார்த்தால் வேலை செய்வது போலவே இருந்தது. சிமெண்டுத் தரையில் அவள் கால்களுக்கு நடுவே முதலில் தண்ணீர் போல ஒரு வட்டம் விரிந்தது. பிறகு அது தண்ணீர் நிறத்தில் இல்லை.

ஆறாம் மேசைக்காரி அலறிவிட்டாள். வாயாடி கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினாள். தும்மலிடம் இல்லை, முதலில் வாசலுக்கு ஓடினாள். ஐயாவின் காலில் விழுந்தாவது வண்டி கேட்க வேண்டும் என்று.

"ஐயா! ஐயா!"

நடையில் யாரும் இல்லை. வாசலுக்கு எதிர்ச் சுவரில், லோடு இறக்குகிறவர்கள் சாய்த்து வைத்துவிட்டுப் போன ஒரு துணிச் சுருள் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைத் துணி. ஆளுயரம்.

தண்ணீர் கேன்காரரின் தள்ளுவண்டியில்தான் தும்மலை வெளிக்கதவு வரைக்கும் கொண்டுபோனார்கள். வாயாடி கூடவே ஓடிக்கொண்டு, "ஐயாகிட்ட யாராவது சொல்லுங்க, ஐயாகிட்ட சொல்லுங்க" என்று கத்தினாள்.

"எந்த ஐயா?" என்றார் கேன்காரர், வண்டியைத் தள்ளிக்கொண்டே. "உங்க ஐயாவா? அவரு திங்கட்கிழமையிலேந்து ஊர்லயே இல்லையேம்மா. தலைமை ஆபீஸ்ல ஏதோ பயிற்சியாம். நாற்காலியில கோட்டு ஒண்ணை மாட்டிட்டு, ஃபேனைப் போட்டுட்டுப் போயிட்டாரு. நான்தான் தினமும் அந்த ரூம்ல கேன் மாத்துறேன்."

பயிற்சியின் பெயர் பணியாளர் நலம் என்று பிற்பாடு மீசைக்காரர் சொல்லித் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நீளமானது. இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். கூட வந்தவர்கள் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை. பெயின்டர் மூன்று நாளாக வெளி பெஞ்சில் இருந்தான். நகத்தில் இருந்த நிறத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தான்.

"ஐயா, நின்னதுனாலயா?" என்று தும்மல் டாக்டரிடம் கேட்டிருந்தாள்.

"அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. பல காரணம் இருக்கலாம்" என்று அவர் சொல்லியிருந்தார். போனது ஆண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

மூன்றாம் நாள் மதியம், அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, பார்வையாளர் நேரத்தில் வாசல் அக்கா வந்தாள். வாயாடி முழங்கையைப் பிடித்துக் கூட்டி வந்து, கட்டிலருகில் நிறுத்திவிட்டு, "நான் உன் வீட்டுக்காரரைப் பாத்துட்டு வரேன்" என்று வெளியே போய்விட்டாள். வாசல் அக்கா கட்டில் விளிம்பைத் தடவி உட்கார்ந்தாள். கொண்டுவந்த இரண்டு ஆரஞ்சுப் பழங்களைத் தலையணை பக்கத்தில் வைத்தாள். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவள் அதைத் தேடவில்லை.

"அக்கா, என் மேசையில ஆள் போட்டாச்சா?"

"காலையிலயே தையல் லைன்லேந்து ஒருத்தியை அனுப்பியிருக்காங்க."

"ஐயா என்ன சொன்னாரு?"

"ஐயா இன்னைக்குத்தான் வந்தாரு. பதிவேட்டுல எழுதிட்டாராம். உடல்நிலை காரணமா தானா நின்னுட்டான்னு."

தும்மல் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "இன்னைக்குத்தான் வந்தாரா?" என்றாள்.

"ஊர்ல இல்லடி. திங்கள்லேந்து சனி வரைக்கும். ஒரு நாள்கூட."

"சனிக்கிழமையும்?"

"சனிக்கிழமையும்."

"அப்ப நான் யாருக்கு எழுந்தேன் அக்கா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ கஞ்சியை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்டது. வாசல் அக்கா முந்தானையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு பிரித்தாள். மறுபடியும் சுருட்டினாள்.

"எனக்குத்தான்டி எழுந்தே. எனக்குக் கண்ணு தெரியலடி. ரெண்டு வருஷமா. துணிச் சுருளை ஆளுன்னு... நின்னுக்கிட்டே இருக்கானே, போக மாட்டேங்கிறானேன்னு... உன்னைக் காப்பாத்தறேன்னு நெனச்சேன். என்னை அடி. எழுந்து ரெண்டு அறை அறைஞ்சிடு. வாங்கிக்கிறேன்."

தும்மல் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். அந்தக் கண்களைக் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கறுப்பே இல்லை. இரண்டு சோப்புத் துண்டுகள் மாதிரி இருந்தன.

"இதை யாருகிட்டயாவது சொன்னியா?"

"உங்கிட்டதான் சொல்றேன். ஐயாகிட்டயும் போய்ச் சொல்லிடலாம்னு..."

"சொல்லாதே."

"இல்லடி, சொன்னாத்தான்..."

"சொல்லாதேக்கா. உன்னையும் நிறுத்திடுவாங்க" என்றாள் தும்மல். கையை நீட்டி, முந்தானையோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த தடவை சுவத்துல சாஞ்சு நின்னா சுருள்னு வெச்சுக்கோ. ஐயா சாய மாட்டாரு."

வாசல் அக்காவின் தோள்கள் குலுங்கின. சத்தம் வெளியே வரவில்லை. வார்டில் சத்தம் போடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அவளால் அதைப் படிக்க முடியாது என்றாலும்.

அப்போது வார்டின் கோடிக் கதவு திறந்தது. உயரமாக, வெள்ளையாக ஒன்று உள்ளே நுழைந்து மெல்ல நகர்ந்து வந்தது. வாசல் அக்காவின் தலை தானாக நிமிர்ந்தது. அவள் நினைக்கவே இல்லை. தொண்டைதான் சொல்லிற்று. அடித்தொண்டையில், ஒரே ஒருமுறை.

"ஐயா."

தும்மல் இடது கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றினாள். முன்னால் சாய்ந்தாள். இடுப்பைத் தூக்கினாள். கட்டிலுக்குக் கீழே கிடந்த ஏதோ ஒன்றைக் குதிகாலால் உள்ளே தள்ளினாள். விழுந்து கிடந்த ஆரஞ்சுப் பழம். நின்று, தலையைக் குனிந்துகொண்டாள். வலது கை எதையோ கழுத்துப் பட்டியில் பிடித்தது போல மடங்கியிருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் அந்தச் சொல் கேட்டது. ஒருத்தி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. வரிசையாக எழுந்து, துண்டுகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டில்களை ஒட்டி நின்றார்கள். சலவையிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளைத் தலைக்கு மேல் உயரமாக அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று, தள்ளுகிறவர் முகம் தெரியாமல், அவர்கள் நடுவே உருண்டு போனது. சக்கரம் ஒன்று ‘கிறீச்’ என்றது.

வண்டி மறு கதவு வழியாக வெளியே போனது. தும்மல் நின்றுகொண்டே இருந்தாள். புடவையில் புதிதாக ஈரம் இறங்கியது. வாசல் அக்காவின் கை காற்றில் துழாவியது. கட்டிலின் இரும்புக் கம்பி எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையணையைத் தொட்டது, போர்வையைத் தொட்டது, கடைசியில் கம்பி அகப்பட்டது. வளையலால் இரண்டு தட்டினாள்.

டக், டக்.

தும்மல் உட்கார்ந்தாள்.

மற்றவர்களுக்கு அந்தத் தட்டு என்னவென்று தெரியாது. அவர்கள் கக்கத்தில் துண்டோடு நின்றுகொண்டே இருந்தார்கள்.